உடனிருந்ததா, கொன்றதா? கரீபியன் கடல் முள்ளெலிச் சாவுகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

நலமாக இருக்கும் டயடீமா இனக் கடல் முள்ளெலியின் (sea urchin) மேல் கையை நீட்டி நிழல் விழச் செய்தால், அதன் கறுத்த நீண்ட முட்கள் நிழல் வந்த பக்கமாகச் சட்டென்று திரும்பும். கண் என்று தனியாக ஓர் உறுப்பு அதற்கு இல்லை. ஆனாலும் வெளிச்சம் குறைவதை உடம்பால் உணர்ந்துகொள்ளும். பகலெல்லாம் பாறை இடுக்கில் பதுங்கிக் கிடந்துவிட்டு, இருட்டிய பிறகு பாசி மேய வெளியே வரும். அடிப்புறத்தில் வரிசை வரிசையாக இருக்கும் குழாய்க் கால்கள் பாறையை அவ்வளவு இறுக்கமாகப் பற்றியிருப்பதால், அலை அடித்தாலும் அது நகராது.

2022 ஜனவரிக் கடைசியில், அமெரிக்க வர்ஜின் தீவுகளில் ஒன்றான செயின்ட் தாமஸில், முங்குநீச்சல்காரர்கள் கண்டது வேறு காட்சி. பட்டப்பகலில் முள்ளெலிகள் திறந்த மணலில் கிடந்தன. நிழல் விழுந்தும் முட்கள் திரும்பவில்லை. உடைந்த குடைக் கம்பிகளைப் போலத் தொங்கின. குழாய்க் கால்கள் பிடியை விட்டிருந்ததால் சின்ன அலைக்கே உருண்டன. அடுத்து முட்கள் உதிர்ந்தன, தோல் கரைந்தது, வெறும் ஓடு மிஞ்சியது. முதல் அறிகுறி தெரிந்ததிலிருந்து சாவு வரை ஓரிரண்டு நாள் போதுமானதாக இருந்தது.

அடுத்த சில வாரங்களில் சபா, செயின்ட் யூஸ்டேஷியஸ் தீவுகளிலிருந்தும், பிறகு போர்ட்டோ ரீக்கோ, ஜமைக்கா, மெக்சிகோக் கரைகளிலிருந்தும் இதே செய்தி வந்தது. நான்கே மாதத்தில் நோய் வடக்குத் தெற்காக 1,300 கிலோமீட்டரும், கிழக்கு மேற்காக 2,500 கிலோமீட்டரும் பரவியிருந்தது. தாக்கப்பட்ட இடங்களில் 95 விழுக்காட்டுக்கு மேல் இறந்தன.

இந்த நோய்க்குக் காரணமான உயிரி பிடிபட்ட விதத்தையும், அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஓர் ஆராய்ச்சி மாணவி அதைக் கரீபியனுக்கு வெகு தொலைவில் அடையாளம் கண்ட விதத்தையும் இங்கே எழுதுகிறேன். எனக்கு இதில் ஆர்வம் வந்ததற்குக் காரணம் கடல் முள்ளெலி இல்லை, இறால். முதுகலையில் நுண்ணுயிரியல் படித்தபோது, நாகப்பட்டினம் பக்கத்துப் பண்ணை ஒன்றில் செத்துக்கொண்டிருந்த இறால்களிலிருந்து விப்ரியோ பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, ‘இறப்புக்குக் காரணமான விப்ரியோ’ என்று ஆய்வேட்டுக்குத் தலைப்பு வைத்திருந்தேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ‘காரணமான’ என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, மேலே ‘உடனிருந்த’ என்று எழுதிக் கொடுத்தார். அன்றைக்குக் கோபம்தான் வந்தது. விப்ரியோ நல்ல இறாலிலும் இருக்கும், குளத்துத் தண்ணீரிலும் இருக்கும். செத்த இறாலில் அது கிடைத்ததால் அதுதான் கொன்றது என்று ஆகிவிடாது. டயடீமா விவகாரம் முழுவதும் அந்தச் சிவப்பு மைக் கோட்டைச் சுற்றியே நடக்கிறது.

முதல் சாவு

இது இந்த இனத்துக்கு இரண்டாவது பேரழிவு. 1983 ஜனவரியில், பனாமா கால்வாயின் கரீபியன் வாயிலுக்கு அருகே டயடீமா அன்டில்லாரம் சாகத் தொடங்கியது. 13 மாதங்களில் ஏறத்தாழ 35 லட்சம் சதுர கிலோமீட்டர் கடல் முழுவதும் அந்தச் சாவு பரவியது. ஸ்மித்சோனியன் வெப்பமண்டல ஆய்வு நிறுவனத்தின் ஹரிலாவோஸ் லெஸ்ஸியோஸ் எங்கே எப்போது செத்தன என்பதைத் துறைமுகம் துறைமுகமாகத் தொகுத்தார். பெரும்பாலும் நீரோட்டம் போன வழியிலேயே சாவும் போயிருந்தது. பக்கத்திலேயே வாழ்ந்த மற்ற முள்ளெலி இனங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நீரில் பரவும், ஓர் இனத்தை மட்டும் தேர்ந்து தாக்கும் ஏதோ ஒரு நோய்க்கிருமி என்பது வரை அன்றைக்கே ஊகித்தார்கள். அதற்கு மேல் போக முடியவில்லை. திசுவில் இருக்கும் மரபுப்பொருளை மொத்தமாக வாசிக்கும் கருவி அப்போது கிடையாது. செத்தவை கரைந்துபோகும் வேகத்தில், பதப்படுத்தி வைத்த மாதிரிகளும் சொற்பம்.

விளைவை ஜமைக்காவில் அளந்து வைத்திருக்கிறார்கள். 1970களின் பிற்பகுதியில் அங்கே கடலடியில் பவளம் மூடியிருந்த பரப்பு 52 விழுக்காடு. 1990களின் தொடக்கத்தில் 3. அதே காலத்தில் பெரும்பாசிகள் 4 விழுக்காட்டிலிருந்து 92 ஆகின. எல்லாப் பழியும் முள்ளெலிச் சாவின் மேல் இல்லை. 1980-இல் ஆலன் சூறாவளி பவளத்தை நொறுக்கியிருந்தது, அதற்கும் பல காலம் முன்பே பாசி தின்னும் கிளி மீன்களை வலை போட்டு அள்ளித் தீர்த்திருந்தார்கள். மேய்ச்சலுக்கு மிச்சம் இருந்தது டயடீமா ஒன்றுதான், அதுவும் போனது. பாறையை அது ஐந்து பற்களால் சுரண்டிச் சுத்தம் செய்து வைத்தால்தான் பவளத்தின் இளவுயிரி ஒட்டி வளர இடம் கிடைக்கும். முப்பது வருடம் கழித்து லெஸ்ஸியோஸ் திரும்பக் கணக்கெடுத்தபோது, பழைய எண்ணிக்கையில் 12 விழுக்காடு அளவுக்கே மீண்டிருந்தது. 2022-இல் செத்தது அந்தப் பன்னிரண்டு விழுக்காட்டிலிருந்து.

சூடு கண்ட ஆய்வாளர்

கார்னெல் பல்கலைக்கழகத்தின் இயன் ஹியூசன் கடல் வைரஸ்களைப் படிப்பவர். அவரிடம் இந்த வழக்கு வந்து சேர்ந்ததில் ஒரு முரண் இருக்கிறது. 2013 முதல் வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் நட்சத்திர மீன்கள் கூட்டங்கூட்டமாக உருகிச் செத்தன. 2014-இல் ஹியூசன் குழு ஒரு டென்சோ வைரஸைச் சுட்டிக்காட்டியது. கட்டுரை பெரிய இதழில் வந்தது, செய்தித்தாள்களில் எல்லாம் பேசப்பட்டது. பிறகு சோதனையைத் திரும்பச் செய்தபோது அதே முடிவு வரவில்லை. நலமான நட்சத்திர மீன்களிலும் அந்த வைரஸ் இருந்தது. அந்தக் குற்றச்சாட்டு நிற்காது என்று ஹியூசனே பின்னாளில் எழுதினார். (அந்த வழக்கு 2025-இல்தான் தீர்ந்தது. கனடாவின் ஹக்காய் நிறுவனமும் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகமும் சேர்ந்த குழு, விப்ரியோ பெக்டெனிசிடா என்ற பாக்டீரியாவை நிறுவியது. என் தேர்வாளர் இருந்திருந்தால் சிரித்திருப்பார்: சில நேரம் விப்ரியோதான் காரணம்.)

ஆகவே 2022-இல் ஹியூசன் அவசரப்படவில்லை, ஆனால் வேகமாக வேலை செய்தார். தெற்கு ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் மையா பிரெய்ட்பார்ட், அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் கிறிஸ்டினா கெல்லாக் ஆகியோருடன் அவர் திரட்டிய குழுவில் கால்நடை நோயியலாளர்களும் தீவுகளின் களப் பணியாளர்களும் இருந்தார்கள். ஆராய்ச்சி மாணவர்கள் பலர் இருந்தார்கள். மொத்தம் 23 இடங்களிலிருந்து முள்ளெலிகள் சேகரிக்கப்பட்டன. இந்த ஆய்வின் உயிர்நாடி என்று நான் நினைப்பது, எதைச் சேகரித்தார்கள் என்பதுதான். நோய் வந்த இடத்தில் நோயுற்றவை. அதே இடத்தில் பார்வைக்கு நலமாக இருந்தவை. இன்னும் நோய் எட்டிப்பார்க்காத இடங்களில் நலமானவை. செத்ததை மட்டும் அள்ளிவந்து ஆராய்வது எளிது. ஒன்றும் ஆகாத ஊரிலிருந்து ஒன்றும் ஆகாத பிராணியை, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்பதற்காகவே எடுத்து வரப் பொறுமை வேண்டும், படகுக் காசும் வேண்டும்.

திசுக்களில் அந்த நேரத்தில் இயங்கிக்கொண்டிருந்த ஆர்.என்.ஏ. முழுவதையும் வாசித்தார்கள். முள்ளெலியின் சொந்த ஆர்.என்.ஏ.வைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது விருந்தாளிகளுடையது. முதலில் வைரஸைத் தேடினார்கள். நோயுற்றவற்றில் மட்டும் தவறாமல் தென்படும் வைரஸ் எதுவும் சிக்கவில்லை. சிக்கியது ஒரு சிலியேட்.

பள்ளிக்கூட உயிரியல் புத்தகத்தில் செருப்பு வடிவத்தில் ஒரு பாரமீசியம் படம் இருக்கும், உடம்பைச் சுற்றிலும் குறுஇழைகளோடு. இதுவும் அந்த வகையறாதான்: ஒற்றைச் செல் உயிரி, இழைகளைத் துடுப்பாக அசைத்து நீந்தும். இதன் கிளைக்கு ஸ்கூட்டிகோசிலியேட் என்று பெயர். மரபு வரிசையில் ஃபிலாஸ்டர் அபோடிஜிட்டிஃபார்மிஸ் என்ற இனத்துக்கு மிக நெருங்கியது. மீன் வளர்ப்போருக்கு இந்தக் கிளை புதிதல்ல. பண்ணைத் தட்டைமீன்களின் மூளை வரை புகுந்து கொல்லும் உறவினர்கள் இதற்கு உண்டு. 2017-இல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் சிறுத்தைச் சுறாக்கள் செத்ததும் இதன் உறவு ஒன்றினால்தான். ஆனால் கடல் முள்ளெலிகளை ஒரு கடல் முழுக்கக் கொன்றதாக இதற்கு முன் எந்தச் சிலியேட்டின் மேலும் வழக்கு இல்லை.

பொருத்தம் அப்பட்டமாக இருந்தது. நோய் கண்ட இடங்களின் நோயுற்ற முள்ளெலிகளில் இந்தச் சிலியேட் தவறாமல் இருந்தது. நோய் எட்டாத இடங்களில் இல்லை. நுண்ணோக்கியில் திசுவைச் சீவிப் பார்த்தபோது முள்ளின் அடியிலும் உடற்சுவரிலும் சிலியேட்டுகள் தெரிந்தன. முட்கள் ஏன் சாய்ந்தன என்பதற்கு அதுவே பாதிப் பதில்.

பாதிதான். அழுகும் திசுவைத் தின்ன வரும் சிலியேட்டுகள் கடலில் ஏராளம். பிணத்தருகே கழுகைப் பார்த்துவிட்டுக் கழுகுதான் கொன்றது என்று சொல்ல முடியுமா? நட்சத்திர மீன் வழக்கு சறுக்கியது இந்தப் படியில்தான்.

தொட்டிக்குள் சாட்சி

ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த விதிகளை நுண்ணுயிரியல் மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். கிருமி நோயாளியில் இருக்க வேண்டும். அதைத் தனியே வளர்க்க வேண்டும். வளர்த்ததை நலமான உயிருக்குக் கொடுத்தால் அதே நோய் வர வேண்டும். அந்த உயிரிலிருந்து அதே கிருமியைத் திரும்ப எடுத்துக்காட்ட வேண்டும். சொல்ல நாலு வரி. கடல் உயிர்களில் இந்த நாலையும் நிறைவேற்றியவர்கள் குறைவு, ஏனென்றால் கடல் நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை ஆய்வகத்தில் வளரவே மறுக்கும்.

இது வளர்ந்தது. களத்தில் பிடித்த ஒரு நோயுற்ற முள்ளெலியிலிருந்து எடுத்த சிலியேட்டைப் பிரெய்ட்பார்ட் ஆய்வகம் வளர்ப்புக் குடுவையில் பெருக்கியது. நோயையே அறியாத முள்ளெலிகளும் கைவசம் இருந்தன. 1983-க்குப் பிறகு டயடீமாவைக் கடலில் திரும்ப விடுவதற்காக ஃப்ளோரிடாவில் முட்டையிலிருந்து வளர்க்கும் கூடங்கள் உருவாகியிருந்தன. பவளத்தைக் காப்பாற்ற வளர்த்த பிள்ளைகளில் சிலவற்றை நோய்க்குக் கொடுக்க வேண்டி வந்தது. அந்த வளர்ப்பில் கை வைத்தவர்களுக்கு அது லேசாக இருந்திருக்காது.

தொட்டி ஒன்றுக்கு ஒரு முள்ளெலி. சில தொட்டிகளில் சிலியேட் கலந்த வளர்ப்பு நீரை ஊற்றினார்கள். ஒப்பீட்டுத் தொட்டிகளில் அதே நீரை, சிலியேட்டை மட்டும் வடிகட்டி எடுத்துவிட்டு ஊற்றினார்கள். இந்த வடிகட்டலைப் பலர் கவனிக்காமல் கடந்துவிடுவார்கள். சிலியேட் தனியாக வாழாது, பாக்டீரியாவைத் தின்றுதான் வாழும். ஆகவே குடுவையில் எப்போதும் ஒரு கூட்டமே இருக்கும். கொன்றது பாக்டீரியாவோ குடுவையில் ஊறிய நஞ்சோ என்றால், வடிகட்டிய நீரும் கொல்ல வேண்டும். கொல்லவில்லை. சிலியேட் சேர்ந்த பத்து முள்ளெலிகளில் 60 விழுக்காடு சில நாட்களில் முள் சாய்ந்து, பிடி விட்டு, செத்தன. செத்தவற்றிலிருந்து அதே சிலியேட் திரும்பக் கிடைத்தது. நாலாவது விதியும் நிறைவேறியது.

மாதிரிகள் ஆய்வகம் சேர்ந்ததிலிருந்து ஆளைக் காட்டும் வரை நான்கு மாதம். 2023 ஏப்ரலில் ‘சயின்ஸ் அட்வான்சஸ்’ இதழில் கட்டுரை வெளியானது. 1983-இல் கொன்றதும் இதுதான் என்று அந்தக் கட்டுரை சொல்லவில்லை. சாட்சி இருக்கும் இடத்தோடு நிறுத்திக்கொண்டது. பத்தில் நாலு ஏன் பிழைத்தன என்ற கேள்விக்கும் நானாக ஒரு பதில் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்த நாலுதான் இந்த ஆய்வில் எனக்கு மிகப் பிடித்த எண். நூற்றுக்கு நூறு என்று வந்திருந்தால் நான் கொஞ்சம் சந்தேகப்பட்டிருப்பேன்.

மஸ்கட்

கட்டுரை அச்சேறிய அதே ஏப்ரல் மாதம், ஓமன் கரையில் டயடீமா சீட்டோசம் சாகத் தொடங்கியது. அட்லாண்டிக் இனத்தின் இந்து-பசிபிக் சகோதரி இது. செங்கடல் முதல் பசிபிக் வரை பரந்தது, நம் மன்னார் வளைகுடாவிலும் உண்டு. அதற்கு முன்பே, 2022-இல் மத்தியதரைக் கடலின் கிரேக்க, துருக்கியக் கரைகளில் இதே இனம் செத்திருந்தது. மத்தியதரைக் கடலில் அது வந்தேறி, 2006-இல்தான் முதலில் பார்த்தார்கள். ஆகவே ஒழிந்தது நல்லது என்றுகூடச் சிலர் நினைத்திருக்கலாம். ஆனால் அடுத்து நோய் எட்டியது அதன் தாய்வீடான செங்கடலை. அகாபா வளைகுடாவில் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் ஓம்ரி பிரான்ஸ்டைன் குழு கண்டது கரீபியன் காட்சியேதான்: இரண்டு நாளுக்குள் உயிருள்ள முள்ளெலி வெறும் எலும்புக்கூடு.

ஓமன் மாதிரிகளை எடுத்து ஆராய்ந்த கட்டுரையின் முதல் ஆசிரியர், பிரெய்ட்பார்ட் ஆய்வகத்தின் ஆராய்ச்சி மாணவி. 2024-இல் ‘ஐ.எஸ்.எம்.இ.’ நுண்ணுயிர்ச் சூழலியல் இதழில் வந்தது. இந்தக் கட்டுரையை நான் இரண்டு தடவை வாசித்தேன்; முதல் தடவை முடிவுக்காக, இரண்டாம் தடவை அது எந்தச் சொல்லை எங்கே பயன்படுத்துகிறது என்று பார்ப்பதற்காக.

மஸ்கட்டின் நோயுற்ற முள்ளெலிகளில் 18எஸ் என்ற மரபணுவின் எழுத்து வரிசையை அவர்கள் வாசித்தார்கள். கரீபியன் சிலியேட்டின் வரிசையோடு ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. இதோடு நிறுத்தியிருந்தால் அதுவே தலைப்புச் செய்தியாகியிருக்கும். ஆனால் மறுபடி ‘உடனிருந்த’தா, ‘காரணமான’தா என்ற கேள்வி எழும், அதுவும் வேறோர் இனத்தில். ஆகவே அடுத்த படியையும் ஏறினார்கள்: கரீபியன் நோயிலிருந்து வளர்த்து வைத்திருந்த சிலியேட்டை நலமான டயடீமா சீட்டோசத்துக்குக் கொடுத்தார்கள். முட்கள் சாய்ந்தன. அட்லாண்டிக்கின் கிருமி இந்து-பசிபிக் இனத்தையும் வீழ்த்தும் என்பது தொட்டிக்குள் தெரிந்துவிட்டது. இதற்குத் தேவைப்பட்டது பெரிய கருவி ஒன்றுமில்லை. 2022-இல் பெருக்கிய அந்தச் சிலியேட் இன்னும் உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான். சிலியேட்டை உறைபெட்டியில் போட்டுவிட்டு மறந்துவிட முடியாது. வாரம் தவறாமல் புதுக் குடுவைக்கு மாற்றி, தீனி கொடுத்து, வேறு எதுவும் புகுந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். ஞாயிறு, பண்டிகை எல்லாம் அதற்குத் தெரியாது. எந்த ஆய்வகத்திலும் இந்த வேலை மாணவர் தலையில்தான் விழும் என்பது என் அனுபவம்.

கட்டுரை சொல்லாமல் விட்டதையும் சொல்ல வேண்டும். கரீபியனிலிருந்து ஓமனுக்கு வந்தது என்று அது எழுதவில்லை. தொலைதூரப் பவளத்திட்டுகளுக்கு விரைவாகப் பரவியிருக்கிறது என்று மட்டும் எழுதியது. 18எஸ் மெதுவாக மாறும் மரபணு. ஓர் இனத்தின் பல கிளைகளிலும் அது ஒன்றாகவே இருக்கலாம். இரண்டு ஊரில் ஒரே வரிசை கிடைத்தால் இரண்டும் நெருங்கிய சொந்தம் என்று தெரியும். யார் யார் வீட்டுக்குப் போனார்கள் என்று தெரியாது. அதற்கு முழு மரபுத்தொகையை ஒப்பிட வேண்டும். கரீபியனில்தான் முதலில் பார்த்தோம் என்பது, அங்கே முங்குநீச்சல்காரர்களும் ஆய்வு நிலையங்களும் அதிகம் என்பதாலும் இருக்கலாம்.

கப்பல்மேல் சந்தேகம் வலுவாக விழுகிறது. கரீபியனில் பல தீவுகளில் முதல் சாவுகள் துறைமுகத்தையும் படகுத்துறையையும் ஒட்டியே தெரிந்தன. 1983 போல நீரோட்டத்தின் வழியில் ஒழுங்காகப் போகாமல் தீவு விட்டுத் தீவு தாவியது நோய். சமநிலைக்காகக் கப்பல்கள் ஒரு துறைமுகத்தில் நிரப்பி இன்னொரு துறைமுகத்தில் கொட்டும் கடல்நீரில், கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலியேட் பயணம் செய்வதில் வியப்பில்லை. ஆனால் இந்தச் சிலியேட்டைக் கப்பல் தொட்டியில் பிடித்துக் காட்டும் வரை, என் தேர்வாளரின் சிவப்புப் பேனா அந்த வாக்கியத்தின் மேலும் நிற்கும்.

இந்தியப் பெருங்கடலில் நோய் ஓமனோடு நிற்கவில்லை. ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே ரீயூனியன் தீவிலும் 2023-இல் இதன் உறவினமான எக்கைனோத்ரிக்ஸ் டயடீமா செத்தது; அங்கேயும் இதே வகைச் சிலியேட்டின் தடம் கிடைத்தது. திறந்த கடலில் கொடுக்கக்கூடிய மருந்து ஒன்றும் கிடையாது. வளர்ப்புக் கூடங்கள் செய்யக்கூடியது, வெளியிலிருந்து வரும் முள்ளெலியைத் தனித்தொட்டியில் வைத்து, பி.சி.ஆர். சோதனை பார்த்த பிறகு உள்ளே விடுவது. கொரோனாக் காலத்தில் விமான நிலையத்தில் மூக்கில் குச்சி விட்டார்களே, ஏறக்குறைய அதேதான்.

மன்னார் வளைகுடாவில் முங்குபவர்களிடம் நான் கேட்க நினைப்பது மிகச் சின்ன காரியம். டயடீமாவைப் பார்த்தால் கையை நீட்டி நிழல் விழச் செய்யுங்கள். முட்கள் திரும்பினால் எத்தனை பார்த்தீர்கள் என்று தேதியோடு குறித்து வையுங்கள். திரும்பாவிட்டால், எத்தனால் ஊற்றிய ஒரு சிறு குப்பியில் அதன் முள்ளையும் அடித்திசுவையும், இன்னொரு குப்பியில் பக்கத்தில் நலமாக இருப்பதன் முள்ளையும் எடுத்து வையுங்கள். இரண்டாவது குப்பியை மறந்துவிடாதீர்கள்.